பச்சை லேசருக்குள் இருக்கும் படிகம் இயற்கையிலும் கிடைக்கிறதா? வேக்ஃபீல்டைட் பற்றி ஒரு விரிவான பதில்

வேதியியல் படிக்கும் ஒரு மாணவரின் கேள்வி இது: "பச்சை லேசர் பேனாவுக்குள் இட்ரியம் வனடேட் என்ற செயற்கைப் படிகம் இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். அதே பொருள் கனிமமாகவும் கிடைக்குமா? கிடைத்தால் யார், எங்கே கண்டுபிடித்தார்கள்? அதன் பண்புகள் என்ன? ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை?"

கிடைக்கிறது. அதன் பெயர் வேக்ஃபீல்டைட். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஒட்டாவா நகருக்கு வடக்கே, வேக்ஃபீல்டு ஏரிக்கு அருகில் உள்ள எவன்ஸ்-லூ என்ற பழைய சுரங்கத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டது. ஏரியின் பெயரே கனிமத்தின் பெயராயிற்று. மைல்ஸ், ஹோகார்த், ரஸல் என்ற மூவர் 1971-இல் அமெரிக்கன் மினரலாஜிஸ்ட் ஆய்விதழில் இதை முழுமையாக விவரித்தார்கள். இவர்களில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு ஹோகார்த்தின் பெயரில் பின்னாளில் இன்னொரு கனிமமும் வந்தது, ஹோகார்த்தைட்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இட்ரியம் வனடேட்டை ஆய்வகத்தில் தயாரித்து, அதில் துளி யூரோப்பியம் சேர்த்து, கலர் டிவி திரைக்குச் சிவப்பு நிறம் கொடுக்கலாம் என்று லெவின், பலில்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-லேயே காட்டிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பொருள் லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பூமியே அதைச் செய்து வைத்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பொதுவாகக் கனிமம் முதலில் கிடைக்கும், அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்வோம். இங்கே வரிசை தலைகீழ். இந்தக் கனிமம் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

எவன்ஸ்-லூ ஒரு பெக்மடைட் பாறை. குழம்பாக இருந்த பாறை இறுகும்போது, எந்தச் சாதாரணக் கனிமத்திலும் இடம் கிடைக்காத தனிமங்கள் கடைசி வரை திரவத்தில் தங்கிவிடும். நீரும் ஆவியும் மிகுந்த அந்த மிச்சக் குழம்பு பிளவுகளில் புகுந்து, பெரிய பெரிய படிகங்களாக உறையும். அதுதான் பெக்மடைட். பெரும்பகுதி பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும்தான். ஆனால் ஒதுக்கப்பட்ட தனிமங்கள் எல்லாம் அங்கே கூடியிருக்கும் என்பதால் கனிமவியலாளர்களுக்கு அது பொக்கிஷம். இட்ரியம் என்ற தனிமத்தின் கதையும் இப்படி ஒரு பெக்மடைட்டில்தான் தொடங்குகிறது. சுவீடனில் ஸ்டாக்ஹோமுக்கு அருகில் உள்ள இட்டர்பி சுரங்கத்தில் 1787-இல் அரீனியஸ் என்ற ராணுவ அதிகாரி ஒரு கனமான கருப்புக் கல்லைக் கண்டெடுத்தார். அதை 1794-இல் பகுத்துப் பார்த்த யோஹான் காடொலின் புதியதோர் ஆக்சைடு இருப்பதைச் சொன்னார். ஊர்ப் பெயரிலிருந்து இட்ரியம் வந்தது.

எவன்ஸ்-லூவில் வேக்ஃபீல்டைட் கிடைத்த விதத்தைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கலாம். பளபளக்கும் படிகம் எதுவும் இல்லை. வெளிறிய மஞ்சளும் இளம்பழுப்புமாக, குவார்ட்ஸ் மீதும் ஹெலாண்டைட் என்ற இட்ரியம் கனிமத்தின் மீதும் படிந்திருந்த ஒரு தூள். மாவு தூவியதைப் போன்ற பூச்சு. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அதைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எப்படி அடையாளம் கண்டார்கள்? எக்ஸ்ரே விளிம்பு விளைவு மூலம். தூளின் ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத சிறு படிகம்தான். எக்ஸ்ரே கற்றையை அதன் வழியே செலுத்தினால், அணு அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் கதிர்கள் வலுவாக வெளிவரும். அந்தக் கோடுகளின் வரிசை கைரேகை மாதிரி, ஒரு பொருளுக்கு ஒன்று. மஞ்சள் தூளின் கைரேகை செயற்கை இட்ரியம் வனடேட்டின் கைரேகையோடு ஒத்துப்போனது. வேதிப் பகுப்பாய்வில் இட்ரியமும் வனேடியமும் இருப்பது உறுதியானது. செயற்கைப் பொருள் முன்பே தெரிந்திருந்தது இங்கே பெரிய உதவி. ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒரு தூளை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் கனிமத்தை நிறுவுவது மிகக் கடினமான வேலை. அதே சுரங்கம் பிறகு கேசிசைட் என்ற இன்னொரு புதிய இட்ரியம் கனிமத்தையும் தந்தது.

சரி, பண்புகளுக்கு வருவோம். ஓர் இட்ரியம், ஒரு வனேடியம், நான்கு ஆக்சிஜன், இவ்வளவுதான் வாய்பாடு. எடையில் 55.4 சதவீதம் இட்ரியம் ஆக்சைடு, மீதி 44.6 சதவீதம் வனேடியம் பென்டாக்சைடு. இது தூய பொருளின் கணக்கு. இயற்கையில் இட்ரியத்தின் இருக்கையில் டிஸ்ப்ரோசியம், எர்பியம், இட்டெர்பியம் என்று மற்ற அரிய மண் தனிமங்களும் வந்து உட்கார்ந்திருக்கும். அளவிலும் மின்சுமையிலும் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் பாறைக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

படிக அமைப்பு நாற்கோண வகை. அதாவது, அடிப்படைப் பெட்டியின் எல்லாக் கோணங்களும் செங்கோணம், இரண்டு பக்கங்கள் சமம், மூன்றாவது வேறு. சம பக்கங்கள் ஏறக்குறைய 7.12 ஆங்ஸ்ட்ராம், மூன்றாவது 6.29. ஒரு பெட்டிக்குள் நான்கு வாய்பாட்டு அலகுகள் இருக்கின்றன. இதிலிருந்து அடர்த்தியை நீங்களே கணக்குப் போடலாம்: கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.25 கிராம் வரும். குவார்ட்ஸ் 2.65 தான் என்பதோடு ஒப்பிட்டால் கனத்த பொருள். கடினத்தன்மை, செயற்கைப் படிகத்தில் அளந்தது, மோ அளவுகோலில் சுமார் 5. கத்தியால் கொஞ்சம் அழுத்திக் கீறினால் கோடு விழும்.

அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் உங்களுக்கு முன்பே அறிமுகமானதாக இருக்கலாம். அது அப்படியே சிர்க்கான் அமைப்பு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கனிம மணலில் இருக்கிறதே, அதே சிர்க்கான். சிர்க்கானில் சிர்க்கோனியம் இருக்கும் இடத்தில் இங்கே இட்ரியம், சிலிக்கான் இருக்கும் இடத்தில் வனேடியம். ஒவ்வொரு வனேடியத்தைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாக நிற்கின்றன. ஒவ்வொரு இட்ரியத்தையும் எட்டு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. இந்த இரண்டும் விளிம்போடு விளிம்பு ஒட்டி, மாறி மாறி, சங்கிலியாக நீள்கின்றன. வனேடியத்தின் இடத்தில் பாஸ்பரஸ் வந்தால் அது செனோடைம் என்ற கனிமம், ஆர்செனிக் வந்தால் செர்னோவைட். மூன்றும் உடன்பிறந்தவர்கள்.

செனோடைம் பற்றி ஒரு சிறு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவீடனின் பெரும் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1815-இல் ஒரு புதுத் தனிமத்தைக் கண்டதாக நம்பி அதற்குத் தோரியம் என்ற பெயரையும் வைத்துவிட்டார். பத்தாண்டு கழித்து அவரே சோதித்தபோது அது வெறும் இட்ரியம் பாஸ்பேட் என்று தெரிந்து, தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1832-இல் பியூடான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கனிமத்துக்கு, 'வீண் பெருமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். கெனோடைம் என்று வரவேண்டிய அது எழுத்துப் பிழையால் செனோடைம் என்று நிலைத்துவிட்டது.

வனேடியம் பட்ட பாடும் அப்படித்தான். 1801-இல் மெக்சிகோவில் ஆந்த்ரேஸ் மனுவேல் டெல் ரியோ, சிமாபான் என்ற ஊரின் பழுப்பு ஈயத் தாதுவில் புதுத் தனிமம் ஒன்றைக் கண்டார். சில ஆண்டுகளில் பாரிஸ் வேதியியலாளர் ஒருவர் அது குரோமியம்தான் என்று சொல்ல, டெல் ரியோ தன் உரிமையைக் கைவிட்டார். 1830-இல் சுவீடனின் டாபெர்க் இரும்புத் தாதிலிருந்து செஃப்ஸ்ட்ரோம் அதே தனிமத்தை மறுபடி பிரித்தெடுத்து, ஸ்காண்டிநேவியப் பழங்கதைகளின் தெய்வமான ஃப்ரேயாவின் இன்னொரு பெயரான வனாதிஸை வைத்து வனேடியம் என்றழைத்தார். மறு ஆண்டே ஜெர்மன் வேதியியலாளர் வூலர் மெக்சிகோ தாதுவைச் சோதித்து, டெல் ரியோ சொன்னது சரிதான் என்று நிறுவினார். அந்தப் பழுப்புத் தாது இன்று வனடினைட் எனப்படும் ஈய வனடேட். ஆக, வனேடியம் என்ற தனிமம் உலகுக்கு முதலில் முகம் காட்டியதே ஒரு வனடேட் கனிமத்துக்குள் இருந்துதான்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி: ஏன் இவ்வளவு அரிது? செனோடைம் உலகின் பல கிரானைட்டுகளிலும் மணல்களிலும் இருக்கிறது. அதன் சகோதரனான வேக்ஃபீல்டைட்டை மட்டும் ஏன் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது?

தனிமங்கள் அரிதானவை என்பதல்ல பதில். 'அரிய மண்' என்ற பெயர் நம்மை ஏமாற்றும். சராசரியாக ஒரு டன் மேலோட்டுப் பாறையில் இட்ரியம் 30 கிராம் அளவில் இருக்கிறது, ஈயம் அதில் பாதிதான். வனேடியமோ 100 கிராமைத் தாண்டும். ஆனால் அந்த வனேடியம் எங்கே போய்விடுகிறது என்று பார்க்க வேண்டும். பூமியின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வனேடியம் பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில் இருக்கும். அந்த நிலையில் அது இரும்புக்குச் சரியான ஆள்மாறாட்டக்காரன். மேக்னடைட் படிகத்தில் இரும்பின் இருக்கையில் உட்கார்ந்து அங்கேயே கரைந்துபோகும். செஃப்ஸ்ட்ரோம் அதை இரும்புத் தாதுவில் கண்டது தற்செயல் அல்ல. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு போன்ற இடங்களில் இன்றும் வனேடியம் எடுப்பது மேக்னடைட்டிலிருந்துதான்.

வனடேட், அதாவது ஒரு வனேடியத்தோடு நான்கு ஆக்சிஜன்கள் சேர்ந்த தொகுதி, உருவாக வேண்டுமானால் வனேடியம் ஐந்து எலக்ட்ரான்களையும் இழக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். எனவே வனடேட்டுகள் பெரும்பாலும் நிலத்தின் மேற்பகுதியில், காற்றும் மழைநீரும் பாறையைச் சிதைக்கும் இடத்தில் பிறக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஈயமோ தாமிரமோ துத்தநாகமோ யுரேனியமோ இருந்தால் வனடேட்டை அவை பிடித்துக்கொள்ளும். மறுபக்கம், இட்ரியத்துக்கோ எப்போதும் பாஸ்பேட் கைக்கு எட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. ஒரு டன் பாறையில் பாஸ்பரஸ் சுமார் ஒரு கிலோ. ஆக வேக்ஃபீல்டைட் பிறக்க எத்தனை நிபந்தனைகள் என்று பாருங்கள். இட்ரியம் செறிந்த பாறை வேண்டும், அது சிதைந்து இட்ரியம் வெளிவர வேண்டும், அதே இடத்துக்கு முழுதும் ஆக்சிஜனேற்றம் பெற்ற வனேடியம் வந்து சேர வேண்டும், பாஸ்பேட் முந்திக்கொள்ளக் கூடாது. எவன்ஸ்-லூவில் இது எல்லாம் ஒரு சிறு மூலையில் கூடிவந்தது.

கூடிவந்த இடங்கள் வேறு சிலவும் உண்டு. அவை இட்ரியத்துக்குப் பதில் மற்ற அரிய மண் தனிமங்களைத் தேர்ந்துகொண்டன. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கூசு என்ற இடத்தில் சீரியம் மிகுந்த வனடேட் ஒன்று கிடைத்து, டெலியான்ஸ், பிரே என்ற பெல்ஜிய ஆய்வாளர்கள் 1977-இல் அதைக் கூசுவைட் என்று அறிவித்தார்கள். பிறகு அமைப்பு வேக்ஃபீல்டைட்டோடு ஒன்றுதான் என்பதால் தனிப்பெயர் நீக்கப்பட்டு, சீரியம் வேக்ஃபீல்டைட் ஆயிற்று. அரிய மண் கனிமங்களுக்கு லெவின்சன் என்பவர் 1966-இல் முன்வைத்த பெயர் முறை இதுதான்: அமைப்புக்கு ஒரே பெயர், எந்தத் தனிமம் மிகுதியோ அதன் குறியீடு வாலாக ஒட்டும். கியூபெக்கில் முதலில் கிடைத்த வேக்ஃபீல்டைட் இட்ரியத்தின் குறியீட்டைத் தாங்கி நிற்பது அதனால்தான்.

லாந்தனம் வேக்ஃபீல்டைட் ஜெர்மனியின் துரிங்கியாவில், ஃப்ரீட்ரிக்ரோடா ஊரை அடுத்த க்ளூக்ஸ்டெர்ன் சுரங்கத்தில் கிடைத்தது, முழு விவரம் 2008-இல் வெளியானது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் வியப்பானது இதுதான். காரணத்தைச் சொல்கிறேன். லாந்தனம் அரிய மண் வரிசையிலேயே மிகப் பெரிய அயனி. எட்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே அதன் ஆரம் 1.16 ஆங்ஸ்ட்ராம், இட்ரியத்துக்கு 1.02 தான். அவ்வளவு பெரிய அயனிக்குச் சிர்க்கான் அமைப்பின் இருக்கை இறுக்கம். ஒன்பது ஆக்சிஜன்கள் சூழும் மோனசைட் அமைப்பில் அது வசதியாக அமரும். பாஸ்பேட்டுகளில் இந்தப் பிரிவினை தெளிவு: லாந்தனத்திலிருந்து கடோலினியம் வரை மோனசைட் அமைப்பு, அதற்கடுத்த சிறிய அயனிகளுக்குச் செனோடைம் அமைப்பு. வனடேட் நான்முகி பாஸ்பேட்டைவிடப் பெரியது என்பதால் சிர்க்கான் அமைப்பு கொஞ்சம் விரிந்து, சீரியம், நியோடிமியம் வரைக்கும்கூட இடம் கொடுத்துவிடுகிறது. லாந்தனத்துக்கு மட்டும் முடிவதில்லை. உலையில் சூடாக்கித் தயாரிக்கும் லாந்தனம் வனடேட் மோனசைட் அமைப்பில்தான் வரும். அப்படியிருக்க, துரிங்கியாவின் சுரங்கத்தில் பூமி அதைச் சிர்க்கான் அமைப்பில் செய்து வைத்திருக்கிறது! ஆய்வகத்திலும் குறைந்த வெப்பத்தில், நீர்க் கரைசலில் பொறுமையாக வளர்த்தால் இந்த நிலையற்ற வடிவத்தைப் பெற முடிகிறது. எது மிகவும் நிலையானது என்பது மட்டுமே ஒரு படிகத்தின் வடிவத்தை முடிவு செய்வதில்லை, எந்த வழியில் அது வளர்ந்தது என்பதும் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான்காவது, நியோடிமியம் வேக்ஃபீல்டைட். ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் அராசே என்ற இரும்பு–மாங்கனீசுப் படிவத்தில் கண்டறியப்பட்டு 2011-இல் விவரிக்கப்பட்டது. இது பெக்மடைட்டோடு சம்பந்தமே இல்லாத சூழல், பழைய கடலடியில் படிந்த பாறை. கடல்நீரில் மிதக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளுக்கு வனேடியத்தையும் அரிய மண் தனிமங்களையும் ஒருசேர ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு என்பதை நினைத்தால், இரண்டும் அங்கே சந்தித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

அப்புறம், லேசர். இயற்கைக் கனிமத்தால் இங்கே எந்தப் பயனும் இல்லை. தூளை வைத்துக்கொண்டு லேசர் செய்ய முடியாது. எல்லாமே செயற்கைப் படிகம். 1800 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட வைத்து, சுழற்றியபடியே மெதுவாக மேலே இழுத்து வளர்க்கிறார்கள். அவ்வளவு சூட்டில் வனேடியம் ஆக்சிஜனை இழக்கத் துடிக்கும், இழந்தால் படிகம் கறுக்கத் தொடங்கும். மேலே சொன்ன அதே பிரச்சினை. நிலத்தடியில் வனடேட் உருவாகாமல் தடுக்கும் வேதியியல்தான் உலையிலும் தொல்லை தருகிறது.

வளர்க்கும்போதே இட்ரியத்தின் இடத்தில் சிறிதளவு நியோடிமியம் சேர்க்கிறார்கள். பேனாவில் உள்ள டயோடு 808 நானோமீட்டர் அகச்சிவப்பை அந்தப் படிகத்துக்குள் பாய்ச்சும். நியோடிமியம் அதை விழுங்கி 1064 நானோமீட்டரில் லேசராக உமிழும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்திருக்கும் வேறொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்க, 532 நானோமீட்டரில் பச்சை வெளிவரும். இட்ரியம் வனடேட் டயோடின் ஒளியை மிக நன்றாக விழுங்குவதால் ஒரு மில்லிமீட்டர் தடிமன் துண்டே போதும், அதனால்தான் பேனாவுக்குள் அடங்குகிறது. பெரிய ஆற்றல் வேண்டிய லேசர்களில் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் இட்ரியம் அலுமினியம் கார்னெட்டை நாடுவார்கள்.

எதையும் சேர்க்காத தூய படிகத்துக்கும் வேலை இருக்கிறது. அது ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு திசையில் அதிரும் ஒளிக்கு ஒளிவிலகல் எண் அகச்சிவப்பில் சுமார் 1.95, மற்றத் திசைக்கு 2.15. வித்தியாசம் 0.2. பள்ளியில் எழுத்தின் மீது வைத்து இரட்டையாகத் தெரிவதைக் காட்டுவார்களே, அந்தக் கால்சைட்டுக்குக்கூட 0.17 தான். கால்சைட் மென்மையானது, எளிதில் பிளந்துவிடும். இட்ரியம் வனடேட் அதைவிடக் கடினம், மெருகேற்ற வசதி. எனவே ஒளியிழை வலையமைப்புகளில் ஒளி திரும்பி வராமல் தடுக்கும் கருவிகளுக்குள் இந்தப் படிகத்தின் சிறு ஆப்புகள் இருக்கின்றன. டிவி திரைச் சிவப்பில் யூரோப்பியம் 619 நானோமீட்டருக்குப் பக்கத்தில் உமிழ்ந்தது. வனடேட் தொகுதி ஆற்றலை விழுங்கி யூரோப்பியத்துக்குக் கைமாற்றிக் கொடுத்தது. பின்னர் இட்ரியம் ஆக்சிசல்பைடு அந்த இடத்தைப் பிடித்தது. தெருவிளக்குகளில் பயன்பட்ட பாதரச ஆவி விளக்குகளின் உட்பூச்சாகவும் யூரோப்பியம் சேர்த்த இந்த வனடேட் தூள் நெடுநாள் வேலை செய்தது.

கடைசியாக ஒன்று. எப்போதாவது வேக்ஃபீல்டைட் என்று சீட்டு ஒட்டிய மாதிரி உங்கள் கைக்கு வந்தால், நிறத்தையோ வடிவத்தையோ பார்த்து நம்ப வேண்டாம். இளமஞ்சள் பூச்சாகப் படியும் கனிமங்கள் ஏராளம். இட்ரியமா, சீரியமா, லாந்தனமா என்பது எந்த உருப்பெருக்கியிலும் தெரியாது. எக்ஸ்ரே தூள் சோதனை சிர்க்கான் அமைப்பு என்று சொல்லும், ஆனால் செர்னோவைட்டும் கிட்டத்தட்ட அதே கோடுகளைக் காட்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமப் பகுப்பாய்வும் செய்து, வனேடியம் ஆர்செனிக்கை விஞ்சுகிறதா, அரிய மண்களில் எது முதலில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்த வால் குறியீட்டை எழுத முடியும். இந்த இரண்டு சோதனைகளின் முடிவையும் மாதிரியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.